காதோடு சொன்ன விலை

பிரேமாவதிக்கு ஐம்பத்தெட்டு வயது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸில் பிறந்தவர். அங்கேயே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேசையில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்துவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றார். கூட வேலை பார்த்த மருதம்மாளும் அவரும் சேர்ந்து பினாங்கிலிருந்து புறப்படும் கப்பலில் நான்கு நாள் பயணத்துக்கு இடம் பிடித்திருந்தார்கள். ஒரு வாரம் இருக்கும்போது மருதம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டாள்.

"தனியாவாம்மா? கேன்சல் பண்ணிடுங்க" என்றாள் மகள் அன்பரசி.

"தனியா எங்க? ரெண்டாயிரம் பேரு வர்றாங்க அந்தக் கப்பல்ல."

கப்பல் சனிக்கிழமை மதியம். வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் பிரேமாவதி வெள்ளிக்கிழமை காலையிலேயே பெட்டியோடு கிளம்பிவிட்டார். பிறந்ததிலிருந்து கெடாவில் இருந்தும், ஷிப்டும் வீடுமாகவே நாள் போய்விட்டது. பக்கத்தில் இருந்த எதையும் பார்த்ததில்லை. இன்று ஊர் சுற்றிவிட்டு, சுங்கை பட்டாணியில் ஒரு ஹோட்டலில் தங்கி, நாளை கப்பல் ஏறுவதாகத் திட்டம்.

வாடகைக் கார் முதலில் மெர்போக்கில் இறக்கிவிட்டது. குனோங் ஜெராய் மலையடியில், ஓடைக்குப் பக்கத்தில், ஆயிரம் வருடத்துக் கோயிலின் கல் அடித்தளம். ஆளரவமே இல்லை. தூண் நிறுத்துவதற்காகக் கல்லில் வட்டமாகக் குடைந்த குழிகள் வரிசையாக இருந்தன. பிரேமாவதி குனிந்து ஒரு குழியின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. கையுறையில் ஊசிமுனை ஓட்டையையும் கண்டுபிடித்த விரல் அது. எந்தக் கல்லையும் கழித்துக் கட்ட அவருக்கு மனசு வரவில்லை. 'நல்ல கை' என்று சொல்லிக்கொண்டார். கடல் தாண்டி வந்தவனோ உள்ளூர்க்காரனோ, யாராக இருந்தாலும் வேலையை அவசரமாக முடித்துவிட்டுப் போகவில்லை.

அங்கிருந்து கோத்தா கோலா மூடா. ஆற்று முகத்தில் படகுகள் வந்து நின்றிருந்தன. சிமெண்டுத் தரையில் கூடை கூடையாக மீன். அத்தனை கூட்டத்திலும் ஒரு கூச்சல் இல்லை. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், ஏலம் விடுகிறவரின் தோளில் கையைப் போட்டு, காதில் விலையை முணுமுணுத்துவிட்டு விலகினார்கள். யார் என்ன சொன்னார் என்பது அந்தக் காதுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் சொல்லி முடித்ததும் அவர் ஒருவரைப் பார்த்துத் தலையாட்டுவார். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. இயந்திர இரைச்சலில் கத்தியே பேசிப் பழகிய பிரேமாவதி மூச்சை அடக்கிக்கொண்டு நின்று பார்த்தார்.

பக்கத்தில் நின்றவர் தமிழர். திகாம் பத்துவில் மீன்கடை வைத்திருக்கும் பிச்சை.

"வெளியாளுங்களும் சொல்லலாமா தம்பி?"

"போலே லா அக்கா, சொல்லலாம். சும்மா போய்ச் சொல்லிப் பாருங்க."

அடுத்து ஒரு கூடை கெம்போங், கானாங்கெளுத்தி மீன், ஏலத்துக்கு வந்தது. பிரேமாவதி போய், லூனாஸ் பசாரில் தான் கொடுக்கிற விலையை அந்த மலாய்ப் பெரியவரின் காதில் கூச்சத்தோடு சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, "காகாக் பூஞ்யா!" என்று கூடையை அவர் பக்கம் தள்ளினார். அக்காவுக்குத்தான்.

பிச்சை தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இங்க மொத்த விலை. நீங்க கடை விலையச் சொல்லிட்டீங்க! தெரியாம சொன்னேன்னு சொல்லுங்க, விட்டுருவாங்க."

பிரேமாவதி கூடையைப் பார்த்தார். கப்பலுக்குப் போகிறவளுக்கு இருபது கிலோ மீன்! சிரிப்பு வந்தது. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"காதுல சொன்னது தம்பி. இங்க யாருகிட்டயும் சீட்டு இல்ல, சாட்சி இல்ல. வாய் வார்த்தைய வச்சுத்தான் எல்லாரும் பொழைக்கிறாங்க. நான் வந்து அதைக் கெடுக்கணுமா?"

பணத்தைக் கொடுத்து, பெரியவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். பிச்சை தன் வேனில் ஐஸ் போட்டுக் கூடையை ஏற்றினார். பெட்டியையும் பின்னால் வைத்து, பிரேமாவதியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். பாதி மீனை அவர் கடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரேமாவதி பிடிவாதம் பிடித்தார். மீதிப் பாதி ஹோட்டல் சமையலறைக்குப் போயிற்று. சமையல்காரர் அழகேசன் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பிரெஷ்ஷா நானே வாங்கினதில்ல" என்றார்.

சாயங்காலம் பிரேமாவதி நீலப் பட்டுச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு மாடி பாருக்குப் போனார். எதிரே ஜெராய் மலை கருநீலமாகிக்கொண்டிருந்தது. மூன்று பொறியாளர்கள் ஒரு மேசையில், வயதான சீனத் தம்பதி இன்னொன்றில். எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பிரேமாவதிக்குக் கால் ஒரு நொடி தயங்கியது. கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண் உயரமான நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இங்க உக்காருங்க ஆன்ட்டி. இங்கதான் எல்லாம் தெரியும்."

பெயர் சாந்தினி. பிரேமாவதி முதன்முதலாகக் காக்டெயில் குடிக்கப்போவதாக உண்மையைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "புளிப்பு பிடிக்குமா, இனிப்பா?" என்று மருத்துவர் மாதிரி விசாரித்தாள். கஸ்தூரி எலுமிச்சையை ஒரே அழுத்தில் பிழிந்து, ஆசாம் போய் என்னும் உப்பில் ஊறிய உலர்ந்த பிளம் பழத்தை நசுக்கி, ஜின்னைக் கண்ணால் அளக்காமல் அளவுக் கிண்ணத்தில் அளந்து, ஐஸோடு குலுக்கினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. விரல்கள் எதையும் இரண்டாம் முறை தேடவில்லை.

பிரேமாவதி குடிப்பதற்கு முன்பே சொன்னார்: "கையுறை ஃபேக்டரியில என் மேசைக்கு வர்ற லைன்ல நீ இருந்திருந்தா, நான் உக்காந்து தூங்கியிருக்கலாம்மா. கழிக்க ஒண்ணும் இருந்திருக்காது."

சாந்தினியின் கை நின்றுவிட்டது. "நாலு வருஷம் ஆகுது ஆன்ட்டி. நல்லா இருக்குன்னு நெறைய பேரு சொல்லியிருக்காங்க. கையப் பாத்துச் சொன்னது நீங்கதான்."

முதல் வாய் நாக்கைச் சுருக்கியது. இரண்டாவது வாயில் எலுமிச்சைத் தோலின் மணம் ஏறியது. அதற்குள் அழகேசன் மஞ்சளும் மிளகாயும் தடவிச் சுட்ட மீனைப் பெரிய தட்டில் கொண்டுவந்தார். வாசனை மாடி முழுவதும் பரவியது. பிரேமாவதி எழுந்தார்.

"எல்லாரும் எடுத்துக்குங்க. தெரியாம வாங்கிட்டேன்!"

சீனத்து அம்மாள் முதலில் வந்தாள். பொறியாளர்கள் மேசையை இழுத்துப் போட்டார்கள். மீன் எப்படி வந்தது என்று பிரேமாவதி மலாயும் தமிழுமாகச் சொல்ல, அந்தப் பெரியவர் மாதிரி ஒரு பொறியாளர் தலையைச் சாய்த்துக் காதைக் காட்ட, சாந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது கோப்பையை அன்னாசியும் சாதிக்காயும் போட்டுக் கேட்காமலே கலந்து கொடுத்தாள்.

"பயமா இல்லையா ஆன்ட்டி, தனியா?"

"காலையில இருந்துச்சு" என்றார் பிரேமாவதி. "அப்புறம் அதை நெனைக்க நேரமே கெடைக்கல."

மறுநாள் துறைமுகத்தில் கப்பல் ஒரு வீதி அளவுக்கு நீண்டு, பன்னிரண்டு மாடி உயரத்துக்கு வெள்ளையாக நின்றது. பிரேமாவதி கழுத்தை வளைத்து உச்சிவரை பார்த்தார். மருதம்மாளை வீடியோ காலில் அழைத்து, தொலைபேசியைத் திருப்பிக் கப்பலைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் மருதம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியே, எவ்வளவு பெருசு!"

"அடுத்த வருஷம் ஒன்னைத் தூக்கிட்டாவது வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறுபாலத்தில் நடந்தார்.