திரிப்போலியிலிருந்து வந்த சுருள்

எங்கள் ஸ்டூடியோவில் எல்லோரும் நம்பியது ஏவாசியோ பெர்த்தோலோனேயின் வலது கையைத்தான். கேமராவின் கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று, கூடாமல் குறையாமல் சுற்றுவார். படப்பிடிப்புக்கு வந்த சிங்கம் கூண்டைத் தாண்டிய அன்று நடிகர்கள் மரமேறினார்கள்; அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் தெல்ஃபீனா. இத்தாலியின் தூரின் நகரில் அந்த ஸ்டூடியோவின் பிலிம்களைக் கழுவிக் காயவைத்து ஒட்டுவது என் வேலை.

1911இல் எங்கள் ராணுவம் திரிப்போலியைப் பிடிக்க ஆப்பிரிக்காவுக்குப் போனது; அந்தப் போரைப் படமெடுக்க அவரை அங்கே அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்துத் திரும்பியவருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பொலெந்தாக் களியை நின்றபடியே விழுங்கிவிட்டு ஆற்றங்கரையில் நடக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் கோட்டுக்குள்ளிருந்து சிறிய தகர டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதைக் கழுவிக் கொடு தெல்ஃபீனா. யார்கிட்டயும் வாய் திறக்காதே."

"அப்படி என்ன, பொம்பளை படமா?"

அவர் சிரிக்கவில்லை.

கழுவினேன். வெள்ளை அங்கி உடுத்திய அந்த ஊர் அரபு ஆட்கள் வரிசையாகத் தூக்கில் தொங்கினார்கள். கடைசி ஆளின் கால்கள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. படமெடுக்கக் கூடாது என்று தூக்கிலிட்ட எங்கள் ராணுவத்தின் அதிகாரி ஒருவர் கத்தியும் தன் கை நிற்கவில்லை என்றார் ஏவாசியோ. மற்றச் சுருள்களையெல்லாம் வெயிலில் விரித்துப் பாழாக்கிவிட்டார்களாம். இது ஒன்றுதான் தப்பியது.

அப்போது எங்கள் இயக்குநர் தேசியோ, ஆப்பிரிக்காவில் பழங்கால ரோமானியர்கள் கலகக்காரர்களைத் தண்டிப்பதாக ஒரு பெரிய படம் எடுத்துக்கொண்டிருந்தார். "சிலுவையில அறைஞ்சா பாதிரியாருங்க சண்டைக்கு வருவாங்க, தூக்கிலயே போடுங்க" என்று தூக்குமரம் நட்டார். அந்தக் காட்சியின் நடுவில் ஏவாசியோவின் கை நின்றுபோனது.

"என்னய்யா, கை மரத்துப் போச்சா?" என்றார் தேசியோ.

"கயிறு இறுகினா மனுஷன் இப்படியா தொங்குவான்?"

"நீ சுத்து. தொங்கறதை நான் பார்த்துக்கறேன்."

மறுவாரம் ஏவாசியோ என் மேசைக்கு வந்தார். "அந்தத் துண்டைத் தேசியோ படத்துல ஒட்டிடு. பார்த்தா ஜனங்க எழுந்து கத்துவாங்க. அப்புறம் யாரும் மறைக்க முடியாது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒட்டினேன். பிரதிகளும் அப்படியே அச்சாகின.

ஞாயிறு பிற்பகல் முதல் காட்சி. அரங்கம் நிரம்பி வழிந்தது. அந்தத் துண்டு ஓடியபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு கைதட்டல் வெடித்தது. "என்னமா நடிக்கறாங்க பாருங்க!" என்றாள் எனக்கு அடுத்திருந்த தொப்பிக்காரி.

ஏவாசியோ எழுந்துவிட்டார். "நடிப்பில்லை! செத்தவங்க! நான் அங்கே இருந்தேன்!"

"உட்காருய்யா, திரை மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் தேசியோ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "திருட்டுப் பயலே, எப்போ எடுத்தே? இன்னும் இருக்கா?"

ஏவாசியோ அவர் கைகளை விலக்கிவிட்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"அவங்களை ரெண்டாவது தடவையும் தூக்குல போட்டுட்டேன்" என்றார்.

"ஒட்டினது நான்."

"கேட்டது நான்."

துண்டை எடுத்துவிடும்படி தேசியோவிடம் கெஞ்சினார். அதைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது என்று தேசியோ மறுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து லேபில் யாருமில்லாத நேரம் பார்த்து நான் மூல நெகட்டிவிலிருந்து அதை வெட்டி அடுப்பில் போட்டேன். என்னை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதற்குள் பதினொரு பிரதிகள் ஊர் ஊராகப் போய்விட்டிருந்தன.

ஏவாசியோவும் வேலையை விட்டு ரயிலேறினார். ஜெனோவா, பார்மா, அங்கோனா. படம் ஓடும் ஊருக்கெல்லாம் போய், காட்சி நடத்துபவனிடம் பேசி அந்தத் துண்டை வெட்டி வாங்குவார். சிலர் தந்தார்கள். பார்மாவில் அடித்துத் துரத்தினார்கள். "அஞ்சு ஆச்சு" என்று எனக்கு ஒரு கடிதம், "ஆறு" என்று இன்னொன்று. ஏழாவதைத் தேடி நேப்பிள்ஸில் அலைந்தபோது, 1915இல், ஐரோப்பாவின் பெரிய போர் எங்கள் நாட்டுக்கும் வந்துவிட்டது. ராணுவம் அவரை அழைத்துக் கேமரா கொடுத்தது. அவர் கைப்பிடியைத் தொட மறுத்தார். காயம்பட்டவர்களைத் தூக்கும் பிரிவில் தள்ளினார்கள்.

1919இல் மெலிந்து திரும்பினார். நான் அப்போது வேறொரு லேபில் இருந்தேன். அங்கேயே பிலிம் கழுவச் சேர்ந்தார். அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டோம். மிச்சமிருந்த ஐந்து பிரதிகள் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. இப்போதும் ஏதாவது ஊரில் பழைய படம் ஓடுவதாகக் கேள்விப்பட்டால் கோட்டை மாட்டிக்கொள்வார்.

"இருங்க, நானும் வரேன்" என்று என் தொப்பியைத் தேடுவேன்.