சுகேசியின் சுவரில் நின்ற ஆறு

ஆற்றங்கரைக் குடியிருப்பான லெபாக் கம்போங்கின் சுவர்களில் நகராட்சி வரைந்த ஆறு கோடைக்காலத்தில் பெருகத் தொடங்கியது. அப்போது உண்மையான ஆறு கணுக்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் நீலம் ஒரு விரல்கடை ஏறியிருந்ததை முதலில் பார்த்தவள் சுகேசி. வாசலில் டோஃபு பொரித்து விற்பவள். "சாயம் கசிஞ்சிருக்கும்" என்றார் எல்லோரும் பாக், அதாவது ஐயா, என்றழைக்கும் கம்போங் தலைவர் திரியோனோ. "கசிஞ்சா கீழதான பாக் இறங்கும்?" என்றாள். அவர் இரண்டு டோஃபு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே வெள்ளம் வடிந்ததும் ஒரு வேலை உண்டு. வீட்டின் கடைக்குட்டியைத் தூக்கி, அதன் கையைச் சுண்ணாம்பில் தோய்த்து, நீர் நின்ற உயரத்தில் சுவரில் பதிப்பார்கள். அடுத்த முறை வரும் ஆறு அந்தக் கையைப் பார்த்து நிற்கும். அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது, அதைப் பற்றி யாரும் வியந்ததில்லை. சுகேசியின் சுவரில் நெஞ்சளவில் இருந்தது அவள் மகன் யாந்தோவின் கை. அடுத்த வருடமே அவன் காய்ச்சலில் போய்விட்டான். படம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. அந்தக் கைதான் மிச்சம்.

நகராட்சியின் தெருஓவியத் திட்டம் கம்போங்குக்கு வந்தபோது ஓவியன் பாயு, பெண்களை இபு, அதாவது அம்மா, என்றழைத்து வீடு வீடாக அனுமதி கேட்டான். "இந்தக் கை மேல வானம் வருது இபு. வரைஞ்சிடலாமா?" சுகேசி சிரித்தாள். "வரைங்க மாஸ் பாயு. உங்க இஷ்டம்." அந்தக் கம்போங்கில் எதையும் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் பதில் கேட்டவருக்காக, இரண்டாவது அக்கம்பக்கத்துக்காக, மூன்றாவதுதான் சொல்பவரின் மனது. பாயு நகரத்தில் வளர்ந்தவன். எல்லா வீட்டிலும் ஒருமுறை கேட்டான், நன்றி சொன்னான். ஆட்கள் கம்பித் தூரிகையால் சுவர்களைத் தேய்த்து எல்லாக் கைகளையும் போக்கினார்கள். சுகேசியின் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்ததால் அவள் சுவரை மட்டும் தேய்க்கவில்லை. எண்ணெய் ஆறியதும் அப்படியே வானத்தைப் பூசினார்கள்.

அழகாகத்தான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். ஆற்றில் குப்பை கொட்டுவது நின்றது. வேலித் தகராறில் பேசாமலிருந்த இரண்டு குடும்பங்கள் சேர்ந்து காப்பிக்கடை போட்டன. பக்கத்து வீட்டு இபு தர்மி நூடுல்ஸ் விற்றே கூரையை மாற்றினாள். அதிகாரிகள் வந்து, ஓவியங்களால் மக்களுக்கு நன்மையா என்று விசாரித்தார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அதையும் ஒருமுறைதான் கேட்டார்கள்.

ஆறு ஏறியது. வரைந்த மீன்கள் ஜன்னல் உயரத்துக்கு வந்தன. பெட்டியில் மடித்து வைத்த துணிகளில் சேறு நாறியது. கோழிகள் கூரையை விட்டு இறங்கவில்லை. தர்மியின் பூனை உலர்ந்த தரையில் மூழ்கிச் செத்துக் கிடந்தது. வாய் நிறைய ஆற்றுமணல். தர்மி அதைப் புதைத்துவிட்டு அடுப்பை மூட்டினாள். பிறகு எல்லோரும் கட்டில்களைச் செங்கல் மேல் ஏற்றினார்கள். மீன்கள் உயிரோடு இருப்பதுபோலவே இருக்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் பாராட்டினார்கள்.

யாந்தோவின் கை இருந்த இடத்தை நீர் கடந்ததும் சுகேசி ஒரு மதியம் சட்டுவத்தால் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். தர்மி ஓடி வந்தாள். "சோறு போடுற சுவரைச் சுரண்டுறியே, புத்தி கெட்டுப்போச்சா?"

"உன் சுவரையா சுரண்டுறேன்?"

"வயித்தெரிச்சல் உனக்கு. என் கடையில கூட்டம் ஜாஸ்தி, அதான."

சுகேசி நிறுத்தவில்லை. சாயத்துக்கு அடியில் கை அப்படியே இருந்தது, ஆனால் வளர்ந்திருந்தது. பதித்தபோது அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது, இப்போது அவள் கைக்குச் சமம். அவன் இருந்திருந்தால் இந்த வயதில் கை அவ்வளவு இருக்கும் என்பதால் அவளுக்கு அது சரியாகவே பட்டது. பொழுது சாய்வதற்குள் அவள் சுவரில் மட்டும் ஆறு இறங்கி, அந்தக் கையின் மணிக்கட்டில் நின்றது.

மறுநாள் கம்போங் முழுவதும் சுரண்டும் சத்தம். சிமெண்டு மட்டும்தான் கிடைத்தது. குழந்தைகளைத் தூக்கிப் புதிதாகக் கை பதித்தார்கள். நீர் நிற்காத இடத்தில் பதித்த கைகளை ஆறு மதிக்கவில்லை, தாண்டிப் போனது.

நகராட்சி சுகேசியின் சுவரை ஒட்டுப்போட பாயுவை அனுப்பியது. அவன் சாய டப்பாவைத் திறந்தபோது கம்போங்கே சுற்றி நின்றது. "இதை மூடிடலாமா இபு?"

"மூடுங்க மாஸ் பாயு."

திரியோனோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "திரும்பக் கேளுங்க."

"மூடிடலாமா?"

"அதுக்குத்தான வந்திருக்கீங்க. மூடுங்க."

"இன்னொரு தடவை" என்றார் திரியோனோ. பாயு குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். உலர்ந்த தரையில் நின்றிருந்தும் அது நனைந்திருந்தது. மெதுவாகக் கேட்டான்.

"வேண்டாம்" என்றாள் சுகேசி. "இது என் பையன்."

அவன் டப்பாவை மூடினான்.

மழைக்காலம் வருவதற்குள் மற்ற சுவர்களில் நீர் கூரையைத் தொட்டுவிட்டது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் சுகேசியின் வாசலுக்கு வந்தார்கள். தர்மி கடைசியில் நின்றாள். "இங்க படுத்துக்கலாமா இபு?" என்று கேட்டார் திரியோனோ. "படுங்க பாக்" என்றாள் அவள், டோஃபுவைத் திருப்பிப் போட்டபடி. யாரும் அசையவில்லை. அவர் மறுபடி கேட்டார். "அதான் படுங்கன்னேனே."

அவள் சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, நிமிர்ந்து பார்த்தாள். காத்திருந்தாள். திரியோனோ தர்மியைப் பார்த்தார், தர்மி தரையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பாயை விரித்தார்கள். அன்றிலிருந்து கம்போங் அங்கேதான் தூங்குகிறது. மூன்றாவது முறை இன்னும் யாரும் கேட்கவில்லை.