டென்னிஸின் பூர்வீகம் திருப்பதி

கன்னிகா மொட்டை போட்டுக்கொண்டு திருப்பதி மலையிலிருந்து இறங்கிய மறுநாள், சித்தூர் டென்னிஸ் சங்கத் தலைவர் கோபிகிருஷ்ணன் வீடு தேடி வந்தார். மகள் நந்திதாவின் தோள்பட்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக நேர்ந்துகொண்ட மொட்டை அது. பார்த்தவர்கள் எல்லாரும் பெண்ணின் தோளை விசாரித்தார்கள். தலைவர் முடியை விசாரித்தார்.

"அந்த முடி எங்கம்மா இருக்குது?"

"சாமிக்குக் குடுத்தாச்சு சார். திருப்பிக் கேக்கவா முடியும்?"

"கொஞ்சம் ஒதுக்கி வெச்சிருக்கலாம்," என்றார் வருத்தமாக.

சங்கத்தின் ஆண்டு விழாவில் டென்னிஸின் பூர்வீகம் பற்றி அவர் பேசப்போகிறார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் பந்துக்குள் மனித முடியைத் திணித்துத் தைத்தார்கள் என்று எங்கோ படித்துவிட்டார். உலகத்தில் முடி மலைமலையாகக் குவிகிற ஊர் எது? அந்தக் கேள்வியோடு ஆராய்ச்சி முடிந்து பேனரும் அடித்தாகிவிட்டது.

நந்திதாவின் கவலை வேறு. அதே விழாவில் திருப்பதி அணியோடு போட்டி. கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. மற்ற அடியெல்லாம் வந்துவிட்டது, சர்வீஸை மட்டும் கீழிருந்து தட்டிவிடத்தான் முடியும். ஆட்டத்தின் விதி அதைத் தடுக்கவில்லை. பயிற்சியாளர் சுதீர் தடுத்தார்.

"கீழேந்து போட்டா கோலி ஆடுறாப்ல இருக்கும்மா. திருப்பதிக்காரங்க சிரிப்பாங்க. மானம் போச்சுன்னு நம்ம தலைவரு, அத்யக்ஷுலு காரு, குதிப்பாரு. உனுக்குப் பதிலா ரோஹிணி ஆடட்டும், நீ அடுத்த வருஷம் பாரு."

"அடுத்த வருஷம் ஸ்ரீசிட்டி கம்பெனில ஷிப்ட்டு பாத்துக்கினு இருப்பேன் சார். ஆபரேஷன் ஆனதுலேந்து வீட்லயே குந்திக்கினு இருக்கேன். இந்த ஒரு ஆட்டம் குடுங்க."

சுதீர் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார். 

விழாவன்று தலைவர் பட்டுத் துண்டோடு மேடையேறினார். சலூனில் கேட்டு வாங்கிய முடியை அடைத்து ஒரு தோல் பந்து தைத்துக் கொண்டுவந்திருந்தார். "இதோ, ஆதிப் பந்து," என்று மேடையில் அடித்துக் காட்டினார். 'தொப்'. விழுந்த இடத்திலேயே அது, சாப்பிட்டு முடித்த பூனை மாதிரி, படுத்துக்கொண்டது.

"அக்காலத்தில் யாருக்கும் அவசரம் கிடையாது," என்றார் தலைவர்.

பிறகு வேகமெடுத்தார். முதலில் மடத்துத் துறவிகள் உள்ளங்கையால் தட்டினார்கள். துறவி என்றால் யார், நம்மாள்தானே? மட்டை பிறகு வந்தது. வெள்ளைக்காரன் புல்தரைக்குக் கொண்டுபோனதெல்லாம் ரொம்பப் பிறகு. கூட்டம் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தது. கன்னிகா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சர்வீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியில் பணிவாகக் கீழிருந்துதான் போட்டார்கள். தலைக்கு மேல் தூக்கி அறைவது நேற்று வந்த பழக்கம். அநாகரிகம். நம் பூர்வீக முறையை இன்று காப்பாற்றுவது யார்?"

பேச்சு வேகத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

"என் பொண்ணு சார்." மொட்டைத் தலையோடு கன்னிகா எழுந்து நின்றாள். "அவ அப்பிடித்தான் போடுறா. சுதீர் சார்தான் வாணாங்கறாரு."

மைக்கில் சொன்னதை மைக்கிலேயே விழுங்க வழியில்லை. தலைவர் சுதீரைப் பார்த்தார். "ஏமய்யா, நிஜமா?"

சுதீர் ரோஹிணியைப் பார்த்தார். "எனுக்கென்ன சார், நெழல்ல நல்லாத்தான் இருக்குது. அவளே ஆடட்டும்," என்றாள் ரோஹிணி, நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்தபடி.

நந்திதாவின் முதல் சர்வீஸுக்குத் திருப்பதிக்காரி பின்கோட்டுக்கும் பின்னால் போய் நின்றாள். பந்து வலையைத் தாண்டியதும் சோம்பலாக விழுந்தது. ஓடிவந்தவள் வலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நின்றாள். சிரித்தது அவளுடைய சொந்த அணி.

கடைசி செட்டில் நந்திதா தோற்றாள். வியர்வையும் செம்மண்ணுமாக வந்து, "தோத்துட்டேம்மா," என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

சாப்பாட்டு நேரம். தலைவரின் உரை மீதியிருப்பதாக மைக் அறிவித்ததும் மொத்தக் கூட்டமும் எலுமிச்சை சாதத்தை நோக்கி எழுந்தது. நந்திதாவும் எழுந்தாள். கன்னிகா கையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்து."

"பசிக்குதும்மா."

"அந்தாளு வாய் மட்டும் இல்லன்னா நீ இன்னிக்கு ஆடியிருப்பியா? குந்துடி."

இருவரும் முன்வரிசைக்கு மாறினார்கள். "பெருந்திரளாகக் கூடியிருக்கும் ரசிகர்களே," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவர் மறுபடி துறவிகளிடமிருந்து ஆரம்பித்தார். கன்னிகா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். ஒரு தலையாட்டலில்கூடப் பொய்யில்லை. அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நந்திதா, தோள் வலிக்காத உயரத்தில், கைதட்டினாள்.