பழைய லேப்டாப், பழைய கணவன்

புருஷனாக இருந்தவனுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மேதை. விவாகரத்தான பிறகு கோபத்தில் வைத்த பெயரல்ல அது, ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்திய காலத்திலேயே வைத்தது. பல்ப் மாற்றுவது முதல் வரி கட்டுவது வரை எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவான். பிறகு, "உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்பான். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவான். பாதி நேரம் விஷயம் அவனுக்கும் புரிந்திருக்காது என்பதை அவள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தாள்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பாஸ்வேர்டு மேதைக்கு மட்டும்தான் தெரியும். அவள் அதில் ஒரு விண்ணப்பம் அடிக்க வேண்டுமென்றால் அவன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரிந்தபோது அந்தக் கம்ப்யூட்டரை அவனே எடுத்துக்கொண்டு போனான். மேஜையை விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தட்டச்சு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. விசாரணைகள், கூட்டங்கள், தகராறுகள் என்று எங்கெங்கோ பதிவு செய்த குரல்களை ஹெட்போனில் கேட்டு வார்த்தை மாறாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். அங்கிருந்த எல்லா மெஷினிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். முதலாளி ஓப்பன் சோர்ஸ் பற்றி, மென்பொருள் சுதந்திரம் பற்றி, வந்தவர் போனவரிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார். அந்தச் சுதந்திரம் ஓசியில் கிடைத்திராவிட்டால் மனுஷர் சந்தோஷமாக அடிமையாகவே இருந்திருப்பார் என்பது ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏசியை வெயில் காலத்தில் கூடப் போடமாட்டார். ஆனால் அந்தக் கஞ்சத்தனத்தின் புண்ணியத்தில் அவள் லினக்ஸைக் கற்றுக்கொண்டாள். மெஷின் மக்கர் செய்தால் சரிசெய்ய ஆள் வைக்கமாட்டார் என்பதால் அவளே சரிசெய்யவும் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, அலுவலக வாடகை கட்டி மாளவில்லை, இனிமேல் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று அறிவித்தார். லேப்டாப்பும் அவரவர் பொறுப்புதான். பிரிவுபசாரமாக ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுத்தார். உள்ளே லினக்ஸ் இருந்தது.

"இதைச் சொருகினா எந்த லேப்டாப்பும் ஓடும்மா" என்றார்.

எல்லா லேப்டாப்பும் அப்படி ஓடிவிடாது என்று அவளுக்குத் தெரியும். வைஃபை வராது, இல்லாவிட்டால் மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே பென் டிரைவைச் சொருகி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். கையில் இருப்பது கொஞ்சம். அதற்குள் நல்ல கீபோர்டும், கண்ணை உறுத்தாத திரையும், பின்னால் மெமரி சேர்க்க இடமும் வேண்டும். பளபளப்பு வேண்டாம்.

முதலில் தம்பியோடு பெரிய ஷோரூமுக்குப் போனாள். கண்ணாடிக் கதவும் விளக்குமாகக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. டை கட்டிய விற்பனைப் பையன் ஓடி வந்தான்.

"என்ன கலர் பாக்கறீங்க மேடம்?"

"கலர் இருக்கட்டும். வைஃபை சிப் எந்தக் கம்பெனி?"

"வைஃபை நல்ல ஸ்பீடா வரும் மேடம்."

"மெமரி தனியா சேர்க்கலாமா, இல்ல போர்டோட ஒட்டியிருக்கா?"

"அது நீங்க வாங்கினதுக்கு அப்புறம் சர்வீஸ் சென்டர்ல கேட்டுக்கலாம் மேடம். இந்த ரோஸ் கலர்தான் லேடீஸ் நிறைய எடுக்கறாங்க."

அவள் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். பையன் பாம்பைக் கண்டவன் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் வந்து நின்றான். வெளிப் பொருள் எதையும் சொருகக் கூடாது, வைரஸ் வந்துவிடும், மேனேஜர் திட்டுவார். தம்பி வேறு யாரோடோ வந்தவன் போல நாலடி தள்ளி நின்று விலைச் சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும், "ஏன்க்கா இப்படிக் குறுக்கு விசாரணை பண்றே? அவனுக்கே தெரியாதுல்ல" என்றான்.

"தெரியாதவன் விக்கறான், தெரியாதவன் வாங்கறான். நடுவுல நான் எதுக்கு?"

தம்பி நல்லவன்தான். என்ன, முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கடவுள் ஒரு ரப்பர் துண்டை வைத்துவிட்டார். அவனுக்குத் தன் ஆபீஸிலேயே வேலை வாங்கிக் கொடுத்தது மேதை. அதனால் விவாகரத்துக்குப் பிறகும் அவனை மாமா, மாமா என்றுதான் அழைப்பான், பேச்சு வந்தால் இரண்டு பக்கமும் தலையாட்டுவான். அன்று மாலையே அவன் மேதைக்குப் போன் போட்டு, அக்கா லேப்டாப் தேடுகிறாள், எது வாங்கலாம் என்று யோசனை கேட்டிருக்கிறான். கேட்டதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய லேப்டாப் விற்கும் கட்டடத்துக்குப் போனார்கள். ஈயம் உருகும் வாசனை, மாடிப்படியெல்லாம் ஒயர் சுருள்கள், பெட்டி பெட்டியாகக் கடைகள். இரண்டாவது மாடியில் ஒரு கடையின் முன்னால், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கார் சாவியுமாக மேதை நின்றுகொண்டிருந்தான்.

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

"மாமாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்க்கா. அதான்..."

"வா வா" என்றான் மேதை, தன் வீட்டு விசேஷத்துக்கு வந்தவளை வரவேற்பது போல. "லினக்ஸாமே? எதுக்கு உனக்கு அந்த வம்பெல்லாம்? அது பொழுதுபோகாதவங்க விளையாடறது. எதுவா இருந்தாலும் நான் பாத்துத் தரேன்."

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். போனால் அவளுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நஷ்டம். பேசாமல் கடைக்குள் நுழைந்தாள்.

பல்லில் குச்சியோடு உட்கார்ந்திருந்த கடைக்காரர் எழுந்து, மேதைக்கு மட்டும் ஸ்டூலைத் தள்ளினார். "சொல்லுங்க சார், என்ன மாதிரி வேணும்?"

"வாங்கறது நான்" என்றாள் அவள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, "சார், என்ன பட்ஜெட்?" என்று மறுபடி அவனிடமே கேட்டார்.

மேதை கால் மேல் கால் போட்டுக்கொண்டான். பிராசஸர் என்றான், ஜெனரேஷன் என்றான், எதிர்காலத்துக்கும் தாங்கவேண்டும் என்றான். பத்திரிகை விளம்பரத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போல இருந்தது. கடைக்காரர் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆமாம் சார் போட்டுக்கொண்டே, அலமாரியில் இருப்பதிலேயே விலை கூடிய மெஷினை இறக்கி வைத்தார். அப்பளம் மாதிரி மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் இருந்தது. மேதை அதைத் தூக்கிப் பார்த்து, "எடையே இல்ல பாரு" என்றான். எடை பார்த்து வாங்க அது கத்திரிக்காயா என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டாள்.

"இதையே எடுத்துக்கோ. கொறையறத நான் போட்டுக்கறேன்."

அவன் சொன்ன தோரணையைத் தம்பி நெகிழ்ந்துபோய்ப் பார்த்தான். போட்டுக்கொள்ளும் பணத்துக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வாரம் ஒரு போன் வரும், லேப்டாப் எப்படி இருக்கிறது என்ற சாக்கில். உறவுக்காரர்கள் மத்தியில், பிரிந்தும் கைவிடாத உத்தமன் என்ற பெயரும் வரும்.

"ஒரு நிமிஷம்" என்று பென் டிரைவைச் சொருகினாள். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை. அவள் மெஷினை அணைத்து, ஆன் ஆகும்போதே ஒரு பட்டனைத் தட்டி, வந்த பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"ஐயையோ, என்னம்மா ஆச்சு?" என்றார் கடைக்காரர்.

மேதை முன்னால் குனிந்தான். தொண்டையைச் செருமினான். "அது... எரர். பயாஸ் எரர். ரீஸ்டார்ட் பண்ணு."

எரரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லா நாளும் அது அப்படித்தான் துவங்கும். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் லேசாக வியர்வை. வருஷக்கணக்காக ஆபீஸ் அறைக்குள் உட்கார்ந்து மற்றவர்கள் வேலையில் கையெழுத்துப் போட்டே பழகியவன், ஒரு மெஷின் எப்படித் துவங்கும் என்பதைக் கூட மறந்துபோயிருந்தான். சட்டென்று அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உடனே தன்னை எச்சரித்துக்கொண்டாள். இப்போது பாவம் பார்த்தால் சாயங்காலம் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திரை வந்தது. வைஃபை வரவில்லை. டச்பேட் மேல் விரலைத் தேய்த்தாள், அம்பு நகரவே இல்லை.

"இது ஆகாது."

"லினக்ஸ்தான் ஆகாது" என்றான் மேதை. "அத விட்டுட்டு எல்லாரும் போடறதப் போடு. அடம் பிடிக்கறே. எப்பவுமே உனக்கு இதே..."

"இத நீங்க வாங்கிக்குங்க. எடையே இல்லையே" என்றாள்.

கடைக்காரர் குச்சியைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினார். அவள் கீழ்த் தட்டில் அடுக்கியிருந்த கறுப்பு மெஷின்களைக் காட்டினாள். ஏதோ அலுவலகம் ஒன்று மொத்தமாகக் கழித்துக் கட்டியவை, செங்கல் செங்கலாக இருந்தன. மூன்றை எடுத்து வைக்கச் சொன்னாள். ஒன்றில் திரை மஞ்சளடித்திருந்தது. இன்னொன்றில் கீபோர்டு பல் போன வாய் மாதிரி இருந்தது. மூன்றாவதின் மூலையில் நசுங்கல், மூடியில் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பசை. பென் டிரைவைச் சொருகினாள். வைஃபை வந்தது. டச்பேட் ஓடியது. மூடினாள், திறந்தாள், விழித்துக்கொண்டது. ஸ்பீக்கரில் பாட்டு பாடியது. தமிழில் நாலு வரி அடித்துப் பார்த்தாள். பட்டன்கள் விரலுக்குக் கீழே திடமாக இறங்கி ஏறின.

"குப்பைத் தொட்டியில கெடந்த மாதிரி இருக்கு" என்றான் மேதை. "நாலு பேர் முன்னாடி எடுத்து வெக்க முடியுமா இத?"

"நாலு பேர் வந்து என் வேலையச் செஞ்சு தரமாட்டாங்க."

பேரம் பேசி முடித்து பில் எழுதும்போது கடைக்காரர் மேதையைப் பார்த்து, "சார் பேர்லயே போட்டுடவா?" என்றார். அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மேதை கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, தம்பியிடம் மட்டும் விடைபெற்றுக் கிளம்பினான். மாமா சாப்பிடாமல் போகிறாரே என்று தம்பி படிக்கட்டு வரை கூடவே போனான்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து லினக்ஸை மெஷினிலேயே பதித்தாள். அலுங்காமல் ஏறியது. முதலாளி அனுப்பிய ஒலிப்பதிவைத் திறந்து, ஹெட்போனைச் சொருகினாள்.

சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கரில் வந்தது, ஹெட்போனில் வரவில்லை. கடையில் ஊரையே குறுக்கு விசாரணை செய்தவள், தன் தொழிலுக்கு உயிரான, ஹெட்போன் சொருகும் அந்த ஓட்டையை மட்டும் சோதிக்கவில்லை. இத்தனை நாளாக மற்றவர்கள் மேல் காட்டிய இளக்காரம் அத்தனையும் இப்போது தன் பக்கம் திரும்புவதை உணர்ந்தாள். பெரிய பருப்பு, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். செட்டிங்குகளைக் குடைந்தாள். லினக்ஸ்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் கேள்வி போட்டாள். உடனே ஒரு பதில் வந்தது: கேள்வி கேட்பதற்கு முன்னால் கையேட்டைப் படிக்கும் பழக்கம் உண்டா? இங்கேயும் ஒரு மேதை. எல்லா சிஸ்டத்திலும் இந்த இனத்தை முதலிலேயே பதித்துத்தான் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தை மூடினாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவன்தான்.

"என்ன, உன் லினக்ஸ் ஓடுதா?"

குரலில் அப்பட்டமான ஆசை இருந்தது, ஓடவில்லை என்று கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை.

"பறக்குது" என்றாள்.

"சவுண்டு, கிவுண்டு எல்லாம்?"

"உங்க குரலத் தவிர எல்லாம் நல்லாக் கேக்குது" என்று போனை வைத்தாள். பொய் சொன்னதற்காக அவளுக்குத் துளியும் வருத்தம் இல்லை.

மதியம் வரை மல்லுக்கட்டிய பிறகு, தற்செயலாக ஹெட்போன் ஒயரில் கை பட்டது. காதில் கரகரவென்று ஒரு இரைச்சல் வந்து போனது. மெதுவாக ஆட்டினாள், மறுபடி கரகரப்பு. சிஸ்டத்தின் மேல் குற்றமில்லை. முன்னால் வைத்திருந்தவன் பிடுங்கிப் பிடுங்கி ஓட்டையையே தளர்த்தி வைத்திருக்கிறான். கடைக்காரரிடம் போய் நின்றால், கடையை விட்டு இறங்கிய பொருளுக்குப் பொறுப்பில்லை என்பார், அதையும் பக்கத்தில் இருக்கும் யாரோ ஒரு ஆண்பிள்ளையிடம் சொல்வார். அவள் தெருமுனைக்குப் போய், யுஎஸ்பியில் சொருகி ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் விரல் நீளச் சாமான் ஒன்றை வாங்கி வந்தாள். சொருகினாள். இரண்டு காதிலும் தெளிவாக, யாரோ இருவர் ஒரு மதில் சுவருக்காகச் சண்டை போட்டார்கள். அத்தனை சந்தோஷமாக ஒரு சண்டையை அவள் அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்குக் கொடுக்க வேண்டியதை அன்றைக்கே கொடுத்து முடித்தாள். அந்த வாரம் முழுக்க மெஷின் ஒரு தடவை கூட முரண்டு பிடிக்கவில்லை. இதற்குள் மேதை உறவு வட்டாரம் முழுக்கச் செய்தி பரப்பியிருந்தான். நல்ல லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்றேன், பிடிவாதமாகக் காயலான் கடைச் சரக்கைத் தூக்கிக்கொண்டு போனாள், என்று. அத்தை ஒருத்தி போன் செய்து, "கஷ்டமா இருந்தா எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டாள். கஷ்டம் ஒன்றும் இல்லை அத்தை, காது மட்டும் வலிக்கிறது, என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"மாமாவ அன்னிக்கு வரச் சொன்னது தப்புதான்க்கா."

"வரச் சொன்னது கூடப் பரவாயில்ல. எங்கிட்ட சொல்லாம சொன்னே பாரு."

"அவரு வருத்தப்படறாரு. நீ மரியாதை இல்லாம பேசிட்டியாம். ஒரு போன் பண்ணிப் பேசிடேன்க்கா. இல்லன்னா ஆபீஸ்ல என் மூஞ்சியப் பாத்துக்கூடப் பேசமாட்டாரு."

அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் திட்டுவது கூட வீண் செலவாகத் தோன்றியது.

"உள்ள வந்து சாப்பிடு. தட்டு எடுத்துக்கோ."

"மாமாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"எனக்கு வேலை இருக்குன்னு சொல்லு."

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.