பட்டுநூல் சுற்றிய வில்

மாதேஸ்வரி செய்த மூன்றாவது வில்லும் படாரென்று முறிந்தது. அவள் வீட்டுக்காரன் அஜித்குமார் காபி டம்ளரோடு எட்டிப் பார்த்து, "அடுப்புக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சூளகிரிக்குப் பக்கத்தில் லாரியின் பாரம் தாங்கி வளையும் கமான்பட்டை செய்யும் கம்பெனியில் மாதேஸ்வரிக்கு செக்கிங் வேலை. எவ்வளவு பாரத்துக்கு இரும்பு எவ்வளவு வளைகிறது என்று நாளெல்லாம் பார்த்தவளுக்கு, மரத்தையும் அப்படி வளைத்துப் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. முதல் இரண்டும் வெறும் புளியங்கட்டை. ஒரு பக்கம் வளைந்தால் மறுபக்கம் விறைத்துக்கொண்டு நின்றது. மூன்றாவதற்கு முதுகுப்பக்கம் மூங்கில் பட்டை ஒட்டினாள். அது நன்றாகத்தான் வளைந்துகொண்டிருந்தது.

ஆனால் அஜித்குமாரின் தங்கை சுசித்ராவுக்கு வெறும் கட்டையைக் கண்டால் பொறுக்காது. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவள். அண்ணி ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வில்லின் முதுகில் அழகாக ஒரு தாமரையைச் செதுக்கி வைத்துவிட்டாள். முறிந்தது சரியாக அந்தத் தாமரையில்.

"யாரைக் கேட்டுடி கத்தி வெச்சே?" என்று மாதேஸ்வரி கத்தியதில், சுசித்ரா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் மாதேஸ்வரியே முறிந்த துண்டோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோச்சிக்காதே சுசி. இங்க பாரு, மூங்கில் நாரு இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடுது. பூ செதுக்கினதுல அது அறுந்துபோச்சு. முதுகுல கத்தி படக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

சுசித்ரா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அறுக்கத்தானே கூடாது? சுத்தலாமா அண்ணி? பட்டுநூலை, பசை தடவி, இறுக்கமா?"

மாதேஸ்வரி எழுந்தே நின்றுவிட்டாள். ஒட்டிய பட்டை பிரியாமல் இருக்கவும் அதுதானே வேண்டும்!

நாலாவது வில்லுக்குப் பத்து நாள் ஆனது. சுவரில் முளையடித்து வில்லை மாட்டி, கயிற்றால் சுசித்ரா கீழே இழுப்பாள். விறைப்பான இடத்தில் மாதேஸ்வரி பென்சிலால் கோடு போட்டு, உட்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்த பிறகு சுசித்ரா சிவப்பும் மஞ்சளுமாக நூல் சுற்றினாள். யாரும் கேட்காமலே முனைகளில் பாசிமணியும் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அறுவடை முடிந்த ராகிக் கொல்லையில் வைக்கோல் மூட்டை ஒன்றை நிறுத்தினார்கள். கொல்லைக்காரர் சென்னகிருஷ்ணனும் அவர் மனைவி ராஜாத்தியும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

மாதேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து விட்டாள். அம்பு மூட்டையைத் தாண்டிப் பறந்தது. பாசிமணிகள் கடுகு பொரிவதுபோல நாலு பக்கமும் தெறித்தன.

"ஐயோ, என் மணி!" என்றாள் சுசித்ரா.

"மணி கெடக்குது, வில்லு நிக்குதுடி!" மாதேஸ்வரி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இரண்டாவது அம்பு மூட்டையின் ஓரத்தில் குத்தியது.

"கொடும்மா, நானும் பாக்கறேன்" என்று சென்னகிருஷ்ணன் வாங்கி இழுத்தார். அம்பு அவர் காலடியிலேயே விழுந்தது.

"தள்ளி நில்லுங்க" என்றாள் ராஜாத்தி. முந்தானையை இடுப்பில் செருகி, வில்லை வாங்கி, நிதானமாக இழுத்து விட்டாள். மூட்டையின் நட்டநடுவில் போய் நின்றது அம்பு.

சென்னகிருஷ்ணன் ஓடிப்போய் அம்பைத் தொட்டுப் பார்த்தார். ராஜாத்தி வில்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு செஞ்சு குடு மாதேஸ்வரி. பச்சை நூல் போட்டு" என்றாள்.

"கிளிப்பச்சையா, இலைப்பச்சையாக்கா?" என்றாள் சுசித்ரா, தரையில் மணி பொறுக்கிக்கொண்டே.