சிலுவை வாங்காத சொல்

ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் மிஸ்டர் பெல்லமியின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னவர்கள் அந்த அகராதிக் கொட்டகையில் அதுவரை யாரும் இல்லை. ஹெஸ்டர் ஆல்டர்சன் சொன்னாள். ஒரு சின்னச் சிலுவைக் குறியைப் போட மறுத்துச் சொன்னாள்.

வடக்கே யார்க்‌ஷயர் மலைப் பள்ளத்தாக்கில் ஆடுமாட்டுப் பண்ணையில் பிறந்தவள். தெற்கே இந்தப் படித்தவர்கள் ஊருக்கு வந்து, தகரக் கொட்டகையில் சீட்டு அடுக்கும் வேலையை முட்டி மோதி வாங்கியிருந்தாள். அது போனால் திரும்பவும் பால் கறக்கப் போகவேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், பெல்லமிக்கும் தெரியும்.

சீட்டுகள் நாடெங்கிலுமிருந்து வரும். பாதிரியார்களும் பள்ளி வாத்தியார்களும் புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வருகிற வாக்கியத்தை எழுதி, ஆண்டும் புத்தகப் பெயரும் போட்டு அனுப்புவார்கள். ஒரு சொல்லின் பொருளுக்குக் கடந்த இருநூறு வருஷத்துப் புத்தகங்களிலிருந்து சீட்டே வரவில்லையென்றால் அது செத்துவிட்டது என்று கணக்கு. முன்னால் சிலுவை போட்டுவிடுவார்கள். இதில் ஒரு கூத்து உண்டு. அந்தப் பெரிய மனிதர்கள் எல்லோரும் விசித்திரமான சொற்களைத்தான் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். வேலைக்காரி வாயில் தினமும் புழங்குகிற சொல்லை ஒருவரும் சீண்டவில்லை. பிறகு சீட்டு எங்கிருந்து வரும்?

பழைய ஆங்கிலத்தில் 'டியர்' என்றால் எந்த விலங்கும்தான். அப்புறம் மான் மட்டும் என்று சுருங்கிற்று. 'ஹவுண்ட்' எந்த நாயும். அப்புறம் வேட்டை நாய் மட்டும். அந்தப் பழைய பொருள்களுக்கெல்லாம் ஹெஸ்டரே தன் கையால் சிலுவை போட்டிருக்கிறாள், வருத்தப்படவில்லை. 'மீட்' வந்தபோதுதான் கை நின்றுவிட்டது. பழைய நாளில் மீட் என்றால் வயிற்றுக்குப் போகிற எதுவும்: ரொட்டி, கஞ்சி, கன்றுக்குட்டியின் வைக்கோல்கூட. இப்போது கசாப்புக்கடைக் கறி மட்டும்தான் என்று பெல்லமி எழுதி, பழைய பொருளுக்குச் சிலுவை போடச் சொல்லி அவளிடம் தாளைத் தள்ளினார்.

"இது சாகல சார். எங்கம்மா இன்னைக்கும் கன்னுக்குட்டிக்கு மீட் போட்டுட்டு வரேன்னுதான் சொல்வாங்க. கன்னுக்குட்டி கறி திங்குமா?"

பெல்லமி கெட்டவர் இல்லை. விதி என்றால் விதி என்று இருப்பவர், அவ்வளவுதான். அம்மா சொல்வதெல்லாம் செல்லாது, அச்சில் வந்ததைக் கொண்டு வா என்றார். மாதக் கடைசியில் தாள் அச்சகம் போகும், அதற்குள் சிலுவை விழாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காரும் என்றும் சொன்னார். ஹெஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவை உயிரோடு புதைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அன்றே ஊருக்குக் கடிதம் போட்டாள்.

பதில் தம்பி காலெப் கையெழுத்தில் வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கத்தியதை அவன் அப்படியே எழுதியிருந்தான்.

"ஏண்டி, நான் பேசுற பேச்சு செத்துப்போச்சாமா? சொன்னவன் யாரு, எந்த ஊர்க்காரன்? நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்னு அவன்கிட்ட சொல்லு."

கடிதத்தோடு உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஒரு துண்டும் இருந்தது. ஆடுகள் குட்டி ஈனும் பருவத்துக்கு அம்மாவுக்கு ஒரு வேலைக்காரப் பெண் தேவைப்பட்டிருக்கிறது. வழக்கமாக ஆள்பிடிக்கும் சந்தையில் போய்ப் பேசி முடிப்பவள், இந்தத் தடவை வீம்புக்கென்று பத்திரிகை அலுவலகத்துக்கே நடந்து போய், தான் சொன்னபடியே ஓர் எழுத்தும் மாற்றாமல் போடவைத்திருக்கிறாள்: 'பண்ணை வேலைக்கு வலுவான பெண் தேவை. மீட்டும் படுக்கையும் உண்டு. ஹன்னா ஆல்டர்சன்.'

ஹெஸ்டர் அதை முறைப்படி சீட்டில் ஒட்டி, ஆண்டு 1886 என்று எழுதினாள். மாதத்தின் கடைசி நாள் காலையில் பெல்லமியின் மேசையில் வைத்தாள். அவர் ஒருமுறை படித்தார். பெயரைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேலைக்காரி விளம்பரமெல்லாம் சான்றாகுமா என்றார். லண்டன் பத்திரிகையின் குதிரை விற்பனை விளம்பரத்தை அவரே சான்றாக எடுத்த சீட்டு, அடுத்த அடுக்கில் இருந்தது. ஹெஸ்டர் அதை உருவி, பக்கத்தில் வைத்தாள்.

கொட்டகையில் வேலை செய்கிற மற்ற நாலு பேரும் தலை நிமிரவில்லை. பேனாக்கள் மட்டும் நின்றிருந்தன.

"இது நமக்காகவே ஜோடிச்சது, மிஸ் ஆல்டர்சன். அகராதிக்காக ஒரு கிழவி போட்ட விளம்பரம். இதை எப்படி உயிருள்ள வழக்குன்னு எடுத்துக்கிறது?"

அது நியாயமான கேள்விதான். ஹெஸ்டருக்கும் அது தெரிந்தது. முந்தின நாள் வந்திருந்த காலெப்பின் இரண்டாவது கடிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"வீம்புக்குப் போட்டதுதான் சார், இல்லேங்கல. ஆனா அதைப் படிச்சிட்டு அக்கம்பக்கத்துப் பண்ணையிலேருந்து மூணு பொண்ணுங்க வந்திருக்காங்க. அவங்களுக்கு உங்க அகராதியும் தெரியாது, என்னையும் தெரியாது. ஒருத்தியை அம்மா வச்சுக்கிட்டாங்க. பத்து நாளா ஓட்ஸ் கஞ்சியும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் போடுறாங்களாம். தட்டுல கறி எங்கேன்னு அவ இன்னும் கேக்கல."

பெல்லமி கடிதத்தை வாசித்தார். பிறகு இன்னொரு தடவை வாசித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து, தாளில் அந்த இடத்தின் மேலேயே வெகுநேரம் பிடித்திருந்தார். வடக்கில் மட்டும் என்று சேர்க்கவேண்டியிருக்கும் என்றார் கடைசியில்.

"சேருங்க சார். வடக்குன்னு எழுதுங்க, பட்டிக்காடுன்னுகூட எழுதுங்க. செத்துப்போச்சுன்னு மட்டும் எழுதாதீங்க."

அவர் எழுதினார், சிலுவை போடவில்லை. சீட்டின் அடியில் அனுப்பியவர் பெயர் எழுத இடம் காலியாக இருந்தது. பாதிரியார்களும் வாத்தியார்களும் கையெழுத்துப் போடுகிற இடம். யார் பெயர் என்று அவர் கேட்க வாயெடுக்குமுன், ஹெஸ்டர் பேனாவை மையில் தொட்டு, ஹன்னா ஆல்டர்சன் என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.