கெல்பர்ன் கோர்ட் வராந்தாவின் நீளம்

பயந்தவர் யாராவது வந்து உட்கார்ந்தால் எங்கள் ஊர்ப் பழைய கோர்ட் வராந்தா நீளும். இது எந்த ஆண்டு தொடங்கியது என்பது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தானியக் கிடங்கு எரிந்த ஆண்டா, அதற்கு அடுத்ததா, சொல்லத் தெரியவில்லை. நீண்டது என்பதில் சந்தேகமில்லை. கெல்பர்னில் போலீஸும் கோர்ட்டும் ஒரே செங்கல் கட்டடத்தில் இருந்தன. அடித்தவனும் அடிபட்டவளும் பெயர் கூப்பிடும்வரை ஒரே பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். ஜோடி வெல்ச் தன் கணவன் கர்ட் மீது புகார் கொடுத்துவிட்டு முதல்முறை வந்து உட்கார்ந்த காலையில், பெஞ்சின் மறுமுனையில் இருந்த கர்ட் மெல்லப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் கோதுமை வயலின் அந்தக் கோடியில் இருக்கும் ஆள் அளவுக்குச் சிறுத்துவிட்டான். வாய் அசைந்தது, வசவு வந்து சேரவில்லை. பெயர் கூப்பிட்டதும் வராந்தா பழையபடி சுருங்கியது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து இதைப் பார்த்தவள் கோர்ட் எழுத்தர் லோரீன் ஹாஸ்கெட். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜோடியும் சொல்லவில்லை. கர்ட்டின் வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கினார்; ஒவ்வொரு வாய்தாவுக்கும் வராந்தா நீண்டு கொடுத்தது.

புதிய கட்டடம் கட்ட நகர மன்றம் முடிவு செய்தபோது, யாருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கெடுக்க பிரென்னர் என்பவர் வந்தார். இன்றைக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, இருபது வருடம் கழித்து என்ன வேண்டும் என்று கேட்டார். போலீஸ்காரர்கள் தங்களிடம் இல்லாத நாய்க்குக்கூட அறை கேட்டார்கள். போலீஸ் தலைவன் டுவைன் ப்ரூஸ், ரோந்து வண்டிகள் பனிக்காலத்தில் உறையாமல் நிற்க, சூடேற்றிய கொட்டகை கேட்டான். லோரீன் கேட்டது ஒன்றுதான்: புகார் கொடுத்தவர்கள் தனியாகக் காத்திருக்க, தனிக் கதவு வைத்த ஓர் அறை. பிரென்னர் முதல் வரைபடத்திலேயே அதை வரைந்துவிட்டார். லோரீன் ஜோடியை ஜன்னலுக்குக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினாள். ஜோடி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் நின்றாள்.

டுவைனும் லோரீனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவன் அவளை ஹோட்டலுக்கு அழைத்துப்போய் ஹக்கில்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கித் தந்தான்.

"லோரி, கட்டடம் என்ன ரப்பரா? ஒண்ணு என் வண்டி நிக்கும், இல்ல உன் ரூம் நிக்கும்."

"ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதடா."

"ஸ்கூல்ல நீ எவனுக்கு லெட்டர் குடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் வாயத் திறந்திருக்கேனா?"

அவள் சொன்னாள். முழுக்கச் சொன்னாள். "செங்கல்லுக்கே தெரியுதுடா, அந்தப் பொண்ணுக்கு இடம் வேணும்னு. நமக்குத் தெரிய வேணாமா?" என்றாள். டுவைன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அதை அவள் இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாய்தாவுக்கு அவன் பிரென்னரை வராந்தாவுக்குக் கூட்டி வந்தான். ஜோடி உட்கார்ந்திருந்தாள். பிரென்னர் லேசர் அளவுக் கருவியின் சிவப்புப் புள்ளியை மறுமுனையை நோக்கி விட்டார். அது போய்ச் சேர நேரமாயிற்று. அவர் ஆச்சரியப்படவில்லை, குறித்துக்கொண்டார். இப்போது இருக்கும் காத்திருப்பு இடம் பள்ளி மைதானத்தைவிடப் பெரியது, இருபது ஆண்டுத் தேவைக்கும் மிஞ்சும் என்று அறிக்கை வந்தது. தனி அறை வரைபடத்தில் இல்லை. வண்டிக் கொட்டகை இருந்தது.

நகர மன்றக் கூட்டத்தில் லோரீன் எழுந்தாள். "அந்த ரூம் எங்க போச்சு?"

டுவைன் மேசையைப் பார்த்தபடி பேசினான். "மிஸஸ் ஹாஸ்கெட் சொன்னதை வெச்சுதான் முடிவு பண்ணினோம். நாங்களா எதுவும் கண்டுபிடிக்கல."

"நீளுற வராந்தாவைக் கையில வெச்சுக்கிட்டு ரூம் கேக்கறீங்களேம்மா. அடுத்து என்ன, பறக்குற நாற்காலியா?" என்றார் உறுப்பினர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வராந்தா எப்படி நீளும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குணம் புதிய கட்டடத்துக்கும் வருமா என்றும் கேட்கவில்லை. பெஞ்சை மட்டும் மறக்காமல் எடுத்துப் போகும்படி தீர்மானம் போட்டார்கள்.

லோரீன் ஜோடியிடம் விஷயத்தைச் சொன்னாள். ஜோடி கோபப்படவில்லை. "அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

பழைய கட்டடத்தை இடிக்க வந்தவர்கள் மற்ற அறைகளை ஒரே வாரத்தில் முடித்து, வராந்தாவுக்கு மட்டும் கோடைக்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டார்கள். புதிய கட்டடத்தில் பெஞ்ச் பெஞ்சாகவே இருந்தது. முதல் நாளே கர்ட் நகர்ந்து நகர்ந்து ஜோடியின் தோளருகே வந்து, காதில் ஒரு வாக்கியம் சொன்னான். லோரீனுக்கு அவன் உதடு தெரிந்தது, சொல் தெரியவில்லை. ஜோடி எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். "நான் சாட்சி சொல்லல. எழுதிக்குங்க" என்றாள். லோரீன் எழுதினாள். வெளியே ரோந்து வண்டிகள் கதகதப்பாக நின்றன.

அதன்பின் லோரீன் டுவைனிடம் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் ஏதோ சொல்ல அவள் ஜன்னலை நோக்கி நடந்தான். நடக்க நடக்கத் தரையில் ஓடுகள் கூடிக்கொண்டே போயின. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் திரும்பிவிட்டான். மளிகைக் கடையில் அவனுக்கும் அவளுக்கும் நடுவே பீன்ஸ் டப்பாக்கள் கண்ணுக்கெட்டிய தூரம் அடுக்கியிருந்தன. கடைக்காரருக்கு அதில் நஷ்டமில்லை.

கர்ட் வெல்ச் வழக்கு தள்ளுபடியானது. அந்தக் குளிர்காலத்தில் அவன் ஜோடியின் தோள் எலும்பை முறித்தான். ஜோடி ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. பிரென்னர் வேறு ஊர்களில் இடம் அளக்கிறார். லோரீன் ஓய்வு பெற்று, மெயின் தெருவில் இருக்கிறாள். எதிர் வீடு டுவைனுடையது. அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். சனிக்கிழமைதோறும் தொப்பி போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்புகிறான், சாலையின் நடுக்கோட்டை இதுவரை தாண்டியதில்லை. பனி அள்ளும் வண்டிக்காரர் அவனைச் சுற்றிக்கொண்டு போகிறார்.